எலுவன்குளம் போகும் வழியில் ஆணியில்லாப் பாலம்

பாலத்தைக் கண்டால் கீழே இறங்கி அடிப்பக்கத்தைப் பார்க்காமல் எனக்கு நகர முடியாது. மதுரங்குளியில் துணி விற்பவனுக்கு இது தேவையில்லாத வேலை என்று வீட்டில் சொல்வார்கள், உண்மைதான். இந்தப் புரட்டாசிக் கடைசியில் கடைக்கு வந்த மீன் வியாபாரி ஒருவர், எலுவன்குளம் போகும் வழியில் உடைந்த பாலத்தை ஊர்க்காரர்கள் ஓர் ஆணியும் இல்லாமல் கட்டுகிறார்கள் என்றார். உலகச் சண்டைக் காலத்தில் ஆணிக்கு எங்கே போவது? மறுநாளே கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

புத்தளத்துக்குப் பன்னிரண்டு மைல், பஸ்ஸில் முப்பது சதம். அதற்கு மேல் பஸ் இல்லை. எலுவன்குளம் போகும் கருவாட்டு வண்டியில் ஒரு ரூபா கொடுத்து ஏறினேன். சட்டையில் பிடித்த நாற்றம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

வண்டிக்காரர் கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொல்லும் மனிதர். கவர்மெண்டு இந்தப் பாதையைக் கண்டுகொள்வதில்லையாம். வருஷா வருஷம் மழைக்கு முன், களப்பு என்னும் கடற்கழியைத் தாண்டி வரும் பள்ளிவாசல்துறை மீன்பிடிக்காரரும் நெல் விதைக்கும் எலுவன்குளத்துக் கமக்காரரும் சேர்ந்து காடு வெட்டிப் பாதை திறக்கிறார்கள். கருவாடு அங்கே போகவேண்டும், நெல் இங்கே வரவேண்டும். மரமும் சோறும் கமக்காரருடையது. கயிறும் கட்டும் வேலையும் மீன்பிடிக்காரருடையது. கூலி என்ற கதையே இல்லை.

ஓடைக்கரைக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. பாலத்தில் கடைசிக் கட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆள் நடக்க மட்டுமான பாலம், வண்டி இக்கரையோடு சரி. பள்ளிவாசல்துறையிலிருந்து வந்த காசிம் தேங்காய்த் தும்புக் கயிற்றைத் தண்ணீரில் ஊறவைத்து, மரத்தில் காலை ஊன்றி இழுத்துக் கட்டினான். நான் அடியில் நுழைந்து அமுக்கிப் பார்த்தேன். கல்லாக இருந்தது.

"வள்ளத்துக்கும் இப்படித்தான், நானா. ஈரக் கயிறு அசையாது" என்றான்.

அவன் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மனைவி ஹலீமாவுக்குத் தலைப்பிள்ளை. பேறு தாய் வீட்டில்தான் நடக்கவேண்டும். தாய் வீடோ அக்கரையில், எலுவன்குளத்தில். மழை பிடித்தால் வண்டித்தடம் சேறாகிவிடும், ஓடையிலோ முதலை.

மறுநாள் உச்சி வெயிலில் ஹலீமாவின் வண்டி வந்தது. அக்கரையில் அவள் வாப்பா உதுமான் காத்து நின்றார். நான் வழக்கம்போல் பாலத்துக்கு அடியில். நேற்று அமுக்கிய அதே கட்டுக்குள் என் விரல் சுகமாகப் போய்வந்தது. காசிமைக் கூப்பிட்டேன். அவன் ஒவ்வொரு கட்டாகத் தொட்டுப் பார்த்தான், எல்லாம் தளர்ந்திருந்தன.

"வள்ளம் எப்பவும் நனைஞ்சபடி கிடக்கும். இது வெயிலுல காஞ்சி நீண்டுட்டுது" என்றான், தனக்குத்தானே.

அக்கரையிலிருந்து உதுமான், "அவிழ்த்துக் காயப்போடுங்க மருமகன். காஞ்ச கயிறாலயே கட்டுவம்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் காசிமை இன்னும் வாட்டியது என்று நினைக்கிறேன்.

இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து அவிழ்த்தார்கள். மணலில் கயிறு காய்ந்தது, ஹலீமா வண்டி நிழலில் இருந்தாள், வானம் வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. கட்டி முடிய மாலையாயிற்று. வா என்று காசிம் கையை நீட்டினான்.

"நீங்க முதல்ல போங்க. வண்டியில கிடக்கிற உப்பு மூட்டையையும் தூக்கிக்கிட்டு" என்றாள் ஹலீமா.

மூட்டையோடு நடுப்பாலம் வரை போனான். அவளுக்குப் போதவில்லை.

"வாப்பாவும் வரட்டும்."

உதுமான் நல்ல கனத்த ஆள். சிரித்துக்கொண்டே அவரும் வந்தார். மாமனும் மருமகனும் நடுப்பாலத்தில் நின்று மிதித்தார்கள். மரம் முனகியது, கட்டு அசையவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் கால் வைத்தாள். காசிமைத் தாண்டும்போது, "மழையில இது எப்படி இரிக்கும்?" என்று மட்டும் கேட்டாள். அவன் குனிந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். தொழிலுக்குத் திரும்பவேண்டிய காசிம் இக்கரையில் நின்றுவிட, வாப்பாவும் மகளும் காட்டுக்குள் நடந்து மறைந்தார்கள்.

போக விரும்புகிறவர்கள் கடற்றொழில் தொடங்குமுன், மழை பிடிக்குமுன் போங்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள்; உண்ணிக்கு நீளக் காற்சட்டை நல்லது. பணம் கொடுக்கப் போனால் கோபிப்பார்கள். ஒரு சுருள் தும்புக் கயிறு கொண்டுபோனால் உங்களையும் வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்கள். துணிக்காரனான என்னையே சேர்த்துக்கொண்டார்கள். யாரும் கேட்காமல் யாருக்காகவோ இவ்வளவு பேர் வியர்ப்பதைப் பார்த்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

நாங்கள் திரும்பப் புறப்படும்போது மழை கொட்டியது. எல்லோரும் வண்டிக்கடியில் ஓடினோம். காசிம் மட்டும் பாலத்துக்கடியில் போனான். ஒவ்வொரு கட்டிலும் விரலை நுழைக்கப் பார்த்தான், நுழையவில்லை. நனைந்தபடி மேலே ஏறி, இருண்டுபோன காட்டுப் பக்கம் கையைக் குவித்துக் கூப்பிட்டான்.

"ஹலீமா, இறுகுது."

அவர்கள் தொலைதூரம் போயிருப்பார்கள். அவன் இன்னொரு தடவை சொன்னான்.