சிவப்புக் கோடுகளைக் கொண்டாடியவர்

குமாரபாளையத்திலிருந்து ஒரு வாரம் மட்டும் எங்கள் சேலம் அலுவலகத்துக்கு வந்துபோன புரோகிராமர் அந்த அம்மா. காதோரம் நரை. தப்பைக் கண்டுபிடித்தால் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார்.

கடலில் கொட்டிய எண்ணெய் எப்படிப் பரவும் என்று கணிக்கும் மென்பொருள் எங்களுடையது. ஆவியாக வேண்டிய டீசல், திரையில் கச்சா எண்ணெய் போலக் கரையில் அப்பிக் கிடந்தது. மறுநாள் துறைமுகக்காரர்களுக்குக் காட்டியாக வேண்டும். எண்ணெய் வகை, கரை வகை எல்லாவற்றுக்கும் ஒன்று, இரண்டு என்று வெறும் எண்களைத்தான் வைத்திருந்தோம்.

"ஏனுங்க, எங்கூர்ல பிரைவேட் பஸ்ஸ நம்பர் பாத்தா ஏறுறோம்? பேர் பாத்துத்தானுங்க. இதுக்கும் பேர் வெச்சு, ஒவ்வொரு வகையயும் தனித்தனியாப் பிரிக்கிற 'எனம்' (enum) டைப்பா மாத்திருவோங்க."

மாற்றினார். டீசல், கச்சா எண்ணெய் ஒரு வகை. மணல், பாறை வேறு வகை. ஒன்றின் இடத்தில் மற்றது இனி நுழைய முடியாது. ஓட்டியதும் நிரலில் ஒரு வரிக்கு அடியில், பிழை என்று சிவப்புக் கோடு விழுந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் மேசையைத் தட்டினார்.

"மாட்டிக்கிச்சு பாருங்க."

எண்ணெய் வகை இருக்க வேண்டிய இடத்தில் மணல் உட்கார்ந்திருந்தது. மணலுக்கும் எண் ஒன்று, கச்சா எண்ணெய்க்கும் எண் ஒன்று என்பதால் இத்தனை நாள் அது கச்சா எண்ணெயாகவே சத்தமில்லாமல் ஓடியிருக்கிறது. திருத்தினோம். டீசல் மெல்ல மெலிந்து மறைந்தது, கரை வெளுத்தது. மறுநாள் துறைமுகக்காரர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

பிழையைப் பார்த்து ஒருவர் முகம் எப்படி அத்தனை மலரும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் சிவப்புக் கோடு விழுந்தால், என் கையும் மேசையைத் தட்டுகிறது.