ஜெனரலின் தொலைபேசிக்காரி

வெர்தா ஆற்றில் பனி உடைகிற மாதத்தில் எங்கள் ஊரில் யாரும் கீழ்க்கரைக்குத் துணி அலசப் போக மாட்டார்கள். ஆறு எதையாவது கரையில் விட்டுவிட்டுப் போயிருக்கும். ஒரு பூட்ஸ், துருப்பிடித்த ஹெல்மெட், சில வருடங்களில் அதைவிட மோசமானது. பார்த்தவர்கள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அதைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் பேசுகிற வழக்கம் கிடையாது.

கிளாஷா அக்காவும் பேச மாட்டார். முழுப்பெயர் கிளாஃபீரா நசரோவ்னா. வெர்தின்ஸ்க் தபால் அலுவலகத்தின் தொலைபேசி நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர்தான் அங்கே மூத்தவர். ஒல்லியான உடம்பு, காதை மூடி இறுக்கிக் கட்டிய தலைத்துணி, யாரோடும் ஒட்டாத முகம். பால்பண்ணை மேலாளர் மாஸ்கோவிலிருந்து வருகிற அழைப்புக்குப் பயந்து, "நான் இல்லைன்னு சொல்லிடு கிளாஷா, லைன் கெட்டுப்போச்சுன்னு சொல்லு, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சுவார். அக்கா பிளக்கைச் செருகி இணைப்பைக் கொடுத்துவிடுவார்.

"ஏன் அக்கா, ஒரு சின்னப் பொய் சொன்னா என்ன குறைஞ்சிடும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு தடவை சொன்னேன் ஸீனா. இந்த ஜென்மத்துக்கு அது போதும்."

அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய் ஜன்னலருகே நின்றுகொள்வார். அங்கிருந்து பார்த்தால் சதுக்கம் தெரியும். சதுக்கத்தின் நடுவே லிகோஷின் ஜெனரலின் சிலை. நீண்ட கோட்டு, வெறும் தலை, ஆற்றை நோக்கி நீட்டிய கை.

அந்தக் கையின் கதை எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். நாற்பத்திரண்டாம் வருடம் பிப்ரவரியில் ஊர் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. லிகோஷினின் படை அக்கரையில். உறைந்த ஆற்றைத் தாண்டி மூன்று முறை பாய்ந்தும் ஊரைப் பிடிக்க முடியவில்லை. ஜெர்மானியர் மாதா கோவிலுக்குள் ஊர் ஜனங்களைப் பூட்டி வைத்து, வெளியே வைக்கோலும் பெட்ரோலும் தயாராக வைத்திருந்தார்கள். அந்தச் செய்தி ஜெனரலின் காதுக்கு எட்டியது, தயங்கியவர்களை ஒதுக்கிவிட்டு அவர் நான்காம் முறை பாய்ந்தார், ஊர் விடுபட்டது. பாடப்புத்தகத்தில் இப்படித்தான் இருக்கும். பூட்டப்பட்டவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. அவள் வீட்டில் இறைவன் படத்துக்குப் பக்கத்தில் ஜெனரலின் படமும் மாட்டியிருந்தது.

அக்காவின் கணவர் திஹோன் நான்காவது தாக்குதலில் ஒரு காலை இழந்தவர். மரக்கிடங்கில் காவல் வேலை. அகலமான ஆள், பெரிய சிரிப்பு. பள்ளிக்கூடங்களுக்குக் கூப்பிடுவார்கள், கட்டைக்காலைத் தட்டிக் காட்டி, "இது ஜெனரலுக்கு நான் கொடுத்த பரிசு. மாற்றுக்கால் அவர் எனக்குக் கொடுத்தது. கணக்கு சரியாப் போச்சு" என்பார். பிள்ளைகள் சிரிக்கும். சிலை திறந்த அன்று நாடாவை வெட்டியவரும் அவர்தான். அந்தக் கோவிலில் இருந்த ஜனங்களைக் காப்பாற்றத்தான் தன் கால் போனது என்று அவர் உறுதியாக நம்பினார். என் அம்மாவைத் தெருவில் பார்த்தால், "என் கால் நல்லா நடக்குதா?" என்று கேட்பார். அம்மா அவர் கன்னத்தில் முத்தமிடுவாள்.

இன்னொருவரும் எங்கள் ஊரில் இருந்தார். ஷெலிகோவ். போரில் லிகோஷினின் சொந்தப் படையாட்களையே உளவு பார்த்த சிறப்புப் பிரிவின் மேஜர், பிறகு ஊரின் முன்னாள் வீரர் சங்கத் தலைவர். சுத்தமான கழுத்துப்பட்டை, மெதுவான நடை. ஒவ்வொரு வெற்றி நாளிலும் ஊர்வலம் முடிந்ததும் நேராக அக்காவிடம் வருவார். ஒரே கேள்விதான்.

"காது எப்படி இருக்கு கிளாஷா?"

"நல்லா இருக்கு."

"நல்லா பாத்துக்கோ."

முதன்முதல் இதைப் பார்த்தபோது வயதானவரின் அக்கறை என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் போன பிறகு அக்காவின் கையிலிருந்த பூங்கொத்தைப் பார்த்தேன். காம்புகள் நசுங்கியிருந்தன.

நாட்டில் எல்லாரும் திடீரென்று வாய்திறந்து பேச ஆரம்பித்த வருடங்கள் வந்தன. எண்பத்தொன்பதாம் வருட வசந்தத்தில், எலும்பு தேடித் தோண்டுகிற வெளியூர் இளைஞர்கள் கீழ்க்கரையில் முகாம் போட்டார்கள். மணலுக்கு அடியில் ஆட்கள் அடுக்கடுக்காகக் கிடந்தார்கள். நான்காவது தாக்குதலில் போனவர்கள். பலர் கையில் துப்பாக்கிகூட இல்லை. மாவட்டச் செய்தித்தாள் முதல்பக்கத்தில் படம் போட்டு, "இவ்வளவு பேரை ஒரே மதியத்தில் எதற்காக அனுப்பினீர்கள், ஜெனரல்?" என்று கேட்டது. அடுத்த வாரம் யாரோ சிலையின் நீட்டிய கையில் சிவப்புப் பெயின்டை ஊற்றிவிட்டார்கள்.

ஊர் இரண்டாகப் பிளந்தது. சகோதரனை இழந்த கிழவிகள் சிலையை இறக்கச் சொன்னார்கள். கோவிலில் பிழைத்தவர்கள் கூடாது என்றார்கள். ரொட்டிக் கடை வரிசையில் முடியைப் பிடித்துச் சண்டை நடந்தது. திஹோன் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் சிலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். காலையில் போனால் இருட்டும்வரை அங்கேயே. கல் எறிந்தார்கள், அசையவில்லை.

முடிவெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம் என்று அறிவித்தார்கள். திஹோன் பேசுவார் என்றும் சொன்னார்கள். அந்த வாரத்தில்தான் ஷெலிகோவ், ஒரு கேக் பெட்டியோடு அக்காவின் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். ஜாமை ஸ்பூனில் எடுத்து ருசித்து, "செர்ரியா? உன் கை யாருக்கும் வராது" என்று பாராட்டினார். பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார்.

"பத்திரிகைக்காரப் பசங்க உன்னைத் தேடுறாங்க. ஜெனரலோட தொலைபேசிப் பலகையில உக்காந்தவங்கள்ல உயிரோட இருக்கிறது நீ மட்டும்தான். திஹோனுக்கு இதயம் பலவீனமாமே, டாக்டர் சொன்னார். சில விஷயத்தைக் கேட்டா அவன் தாங்குவானா? யோசிச்சுக்கோ."

கோட்டை மாட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "உங்க அம்மா சௌக்கியமா?" என்றார்.

கதவு மூடியதும் அக்கா கேக்கைப் பெட்டியோடு அடுப்பில் போட்டார். பிறகு உட்கார்ந்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. அக்கரையில் ஒரு செங்கல் சூளையின் நிலவறையில் ஜெனரலின் தலைமையிடம். வயர்லெஸ் வண்டி முந்தின நாளே குண்டு விழுந்து எரிந்துவிட்டது. மேலிடத்தோடு பேச மிஞ்சியது ஒரே ஒரு கம்பி. மூன்றாவது தாக்குதல் முடிந்து, காயம்பட்டவர்களின் ஓலம் ஆற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தபோது மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தது. தாக்குதலை நிறுத்து, ஆட்களைப் பின்னால் இழு, நாளை வேறொரு ஜெனரல் வந்து பொறுப்பேற்பார் என்று ஒரு களைத்த குரல் சொன்னது. ஜெனரலை இணைப்பில் கொண்டுவரும்படி அந்தக் குரல் கேட்டது.

"ஜெனரல் எனக்குப் பின்னாடியே நின்னுட்டிருந்தார் ஸீனா. காதுக்குழாய்லேருந்து கசிஞ்ச குரலை எல்லாம் கேட்டுட்டார். குனிஞ்சு என் தோள்ல கை வச்சார். அப்பன் மாதிரி. 'லைன் அறுந்துபோச்சு மகளே, கேக்கலைன்னு சொல்லிட்டுப் பிடுங்கிடு'ன்னார். சொன்னேன். பிடுங்கினேன். அப்புறம் அதிகாரிங்க பக்கம் திரும்பி, 'நாளைக்கு அவன் வந்து என் ஊர்ல உக்காரக் கூடாது. மதியத்துக்குள்ள எனக்கு வெர்தின்ஸ்க் வேணும்'ன்னார். எழுந்து நடக்க முடிஞ்ச எல்லாரையும் அனுப்பினாங்க. சமையல்காரங்களையும்கூட."

"கோவில்ல ஜனங்க இருந்தது…"

"அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஊருக்குள்ள போய்ப் பூட்டை உடைச்சப்போதான் தெரிஞ்சுது. அவர் கோவில் வாசல்ல உக்காந்து அழுதார், அதுவும் நிஜம். ரெண்டையும் நான் பாத்தேன்."

அன்று சாயங்காலமே மேஜர் ஷெலிகோவ் அவரைக் கூப்பிட்டு, உனக்குக் காது கூர்மை, அப்படிப்பட்ட காது உடம்போடு ரொம்ப நாள் ஒட்டியிருக்காது என்று சொன்னாராம். ஊர் விழுந்துவிட்டதால் மேலிடமும் எதையும் தோண்டவில்லை. லிகோஷினுக்குப் பதக்கம் வந்தது.

அந்த ஆள் கட்டளையை மதித்திருந்தால் என் அம்மா எரிந்திருப்பாள். மதிக்காததால் ஆற்றின் அடியில் அத்தனை பேர். எந்தப் பக்கம் திரும்பி மூச்சு விடுவது என்று தெரியவில்லை.

"திஹோன் மேடையில ஏறி, கோவில்ல இருந்தவங்களுக்காகத்தான் அனுப்பினார்னு சத்தியம் பண்ணப் போறான்" என்றார் அக்கா. "அதுக்கு முன்னாடி நான் சொல்லிடணும். அடுத்தவன் வாயால அவன் கேக்கக் கூடாது."

மறுநாள் காலை சூப் பாத்திரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சதுக்கத்துக்குப் போனார். நான் அஞ்சலகப் படியில் நின்று பார்த்தேன். முக்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நெடுநேரம் பேசினார். சத்தம் கேட்கவில்லை. திடீரென்று திஹோன் மட்டும் கத்தினார்.

"நிறுத்தச் சொன்னாங்களா? நாங்க கோட்டு மாட்டிட்டு இருந்தப்பவே?"

அக்கா தலையசைத்தார்.

"யாரு லைன் இல்லைன்னு சொன்னது?"

"நான்தான் திஹோன்."

சூப் பாத்திரம் கல்லில் உருண்டது. திஹோன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, சிலையையும் மனைவியையும் பார்க்காமல் கிடங்கை நோக்கிப் போய்விட்டார். ஞாயிறுவரை வீட்டுக்கு வரவில்லை.

கூட்டத்தன்று கலாச்சார மாளிகையின் மண்டபம் நிரம்பி வழிந்தது. சுவரோரமாக அக்காவும் நானும். முதல் வரிசையில் பதக்கங்களோடு ஷெலிகோவ். திஹோன் மேடையேறியதும் கைதட்டல். அது அடங்கும்வரை காத்திருந்தார். சவரம் செய்யாத முகம். மைக்கைத் தொடவில்லை.

"மேஜர், எழுந்திரு" என்றார். "நாலாவது தடவை எங்களை அனுப்புறதுக்கு முன்னாடி நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துச்சா, இல்லையா?"

ஷெலிகோவ் நிதானமாக எழுந்தார். திஹோனைப் பார்க்கவில்லை, கூட்டத்தைத்தான் பார்த்தார்.

"வந்திருக்கலாம் தோழர்களே. ஆனா ஜெனரலுக்கு வந்து சேரலை. ஏன் சேரலை? பலகையில உக்காந்திருந்த பொண்ணு பயத்துல பிளக்கைப் பிடுங்கிட்டா. லைன் அறுந்துபோச்சுன்னு பொய் சொல்லிட்டா. அந்தச் சின்னப்பொண்ணைச் சுட்டிருப்பாங்க. நான்தான் இரக்கப்பட்டு மறைச்சேன். இத்தனை வருஷம் இந்தப் பாரத்தைச் சுமந்தேன். அவ அதோ நிக்கிறா."

எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் திரும்பின. அந்த அசைவின் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது, பறவைக்கூட்டம் எழும்பினதுபோல. சிலையை இறக்கச் சொன்ன கிழவிகளும், இறக்கக் கூடாது என்றவர்களும், எல்லாரும் ஒரே திசையில். என் அம்மாவும்தான். பல மாதங்களுக்குப் பிறகு முதன்முறையாக ஊர் ஒன்றுபட்டது. ஒருத்தி, "என் அண்ணனைக் கொன்னவளே!" என்று அலறினாள். ரப்பர்ச் செருப்பு ஒன்று பறந்து வந்து அக்காவின் தோளில் பட்டது.

"பொய்!" என்று மேடையில் திஹோன் கத்தினார். "ஜெனரல் சொல்லித்தான்…" யாரும் கேட்கவில்லை. அவரைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

சிலை நின்றது. ஓட்டெடுப்பே தேவைப்படவில்லை. கையிலிருந்த சிவப்பைக் கழுவி எடுத்தார்கள். அடுத்த நாள் அதே சிவப்பு அக்காவின் வீட்டுக் கதவில் இருந்தது, ஒற்றைச் சொல்லாக. அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

நான் போனபோது திஹோன் கதவுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, செருப்புத் தைக்கிற கத்தியால் பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு எப்போது திரும்பினார் என்று நான் கேட்கவில்லை. அக்கா வாசலில் வாளியோடு நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"அவ்ளோ அழுத்தாதே, மரம் போயிடும்" என்றார் அக்கா.

"போகட்டும். என் கதவு" என்றார் அவர். கொஞ்ச நேரம் சுரண்டினார். பிறகு, "பத்தொன்பது வயசு," என்றார், "எனக்கும் பத்தொன்பது வயசுதான்." அவ்வளவுதான். அந்த விஷயத்தை அவர்கள் மறுபடி பேசி நான் கேட்டதில்லை.

அக்காவை வேலையிலிருந்து ஓய்வு என்று அனுப்பினார்கள். கடையில் அவர் நின்றால் வரிசை விலகும். வீட்டில் தொலைபேசி அடிக்கும், எடுத்தால் மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும். எந்தக் குரலையும் அடையாளம் காண்கிற அக்கா, மூச்சை வைத்தே சிலரைக் கண்டுபிடித்துவிட்டார். என்னிடம் பெயர்களைச் சொல்லவில்லை. நான் கேட்கவும் பயந்தேன்.

இரண்டு குளிர்காலம் கழித்து திஹோன் இறந்தார். வீரர் சங்கம் மரியாதை அணிவகுப்பு அனுப்பவில்லை. பெட்டியைத் தூக்க ஆள் இல்லாமல், தோண்டுகிற இளைஞர்கள் முகாமிலிருந்து மண்வெட்டிகளோடு வந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் அக்கா அவர்கள் முகாமுக்குப் போய் கஞ்சி காய்ச்சிப் போட்டார். ஊரில் யாரிடமும் பேசாதவர் அங்கே மண்ணிலிருந்து எடுத்து வைத்தவர்களிடம் பேசுவாராம். என்ன பேசுவார் என்று ஒரு பையனிடம் கேட்டேன். "ஊர் எது, அம்மா பேர் என்னன்னு கேக்கிறாங்க" என்றான்.

ஷெலிகோவை ராணுவ வாத்தியத்தோடு புதைத்தார்கள். கிளாஷா அக்காவைப் புதைத்தபோது அந்தப் பிள்ளைகளும் நானும் என் அம்மாவும் மட்டும். அம்மா கல்லறை விளிம்பில் வெகுநேரம் நின்றாள், மண் போடாமல். வீடு திரும்பியதும் ஜெனரலின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். மாலையில் மறுபடி மாட்டினாள்.

போன வருடம் சிலைக்குப் பொன் வண்ணம் பூசினார்கள். பீடத்தில் புதிய பலகை வைத்திருக்கிறார்கள். கோவிலிலிருந்து வந்த குழந்தைகளின் அழுகுரல் ஆற்றைத் தாண்டி ஜெனரலின் காதில் விழுந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து அதை உரக்கப் படிக்கிறார்கள். அஞ்சலக ஜன்னல் திறந்திருந்தால் உள்ளே எல்லாருக்கும் கேட்கும்.