உயரத்தைப் பார்த்து ஏமாந்த சரோஜா ஆன்ட்டி

வெல்லமும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டிய உளுந்தங்களி வாசனை... தொண்ணூறுகளில் எங்கள் அணுபுரம் குவார்ட்டர்ஸில் அது மூக்கைத் துளைத்தால், ஏதோ ஒரு வீட்டில் பெண் வயதுக்கு வந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

ஒரு நாள் அந்த வாசனை எங்கள் வாசலுக்கே வந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. ஆனால் வளர்ந்து அம்மாவின் காதைத் தொட்டிருந்தேன். காய்ச்சலில் மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு சரோஜா ஆன்ட்டி தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, களி, பூ, வளையல் என்று தட்டோடு வந்து நின்றார்.

"இன்னாக்கா, என்னாண்ட கூட சொல்லாம புள்ளைய வூட்லயே வெச்சினு கீற?"

"அய்ய, அவளுக்கு ஜொரம் சரோஜா. பத்து வயசுதான் ஆவுது."

அம்மா சிரித்துவிட்டார். களியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். எனக்குத்தான் மானம் போயிற்று. அன்றிலிருந்து தோளைக் குறுக்கி நடந்தேன். பள்ளி த்ரோபால் டீமே வேண்டாம் என்றேன். பி.டி. மிஸ் விடவில்லை.

மதுராந்தகத்தில் மேட்ச். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு. எதிர் டீம் மாஸ்டர் என்னைப் பார்த்ததும், "இது பெரிய பொண்ணு சார், எறக்கக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விளையாட எவ்வளவு ஆசை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

டீமில் இருந்த தன் மகளுக்குத் துணையாக வந்திருந்த சரோஜா ஆன்ட்டி எழுந்து நேராக அம்பயரிடம் போனார்.

"சார், இவ வளத்தியப் பாத்து நானே ஏமாந்து, தட்டு தூக்கினு போயி அசிங்கப்பட்டு வந்தவ. பத்து வயசுதான் சார். எம் பொண்ணு கூடத்தான் படிக்கிது."

அம்பயருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மிஸ்ஸும் உறுதி சொன்னதும் என்னை இறக்கினார்கள். நிமிர்ந்து நின்று ஆடினேன். ஜெயித்தோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆன்ட்டியின் மகள் வகுப்பிலேயே குள்ளம்; அவள்தான் முதலில் வயதுக்கு வந்தாள். நான் அதற்கும் இரண்டு வருடம் கழித்து... உயரத்தை வைத்துக் கணக்குப் போட்ட காலனி மொத்தமும் ஏமாந்தது.

இப்போது என் மகளுக்குப் பத்து வயது. என்னைப் போலவே வளர்த்தி. சொந்தக்காரர்கள் வீடியோ காலில், "இன்னா இவ்ளோ வளந்துட்டா..." என்று இழுக்கிறார்கள். போன வாரம் அவளே போனை வாங்கி, "ஆமா, கிளாஸ்லயே நான்தான் ஹைட்டு" என்றாள்.

அன்று எனக்காக இன்னொருவர் எழுந்து பேச வேண்டியிருந்தது. இவளுக்காக இவளே பேசுகிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.