வர்தேவுக்குப் பதினான்கு

நுஹாத் டீச்சர் ஸஹ்லே நகரத்துப் பள்ளியில் முப்பத்து நான்கு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அத்தனை வருஷத்தில் இருபதுக்குப் பதினான்குக்கு மேல் அவர் யாருக்கும் போட்டதில்லை. பதினான்கு வாங்கியவர்கள் ஊரில் மூன்று பேர். ஒருவர் வளைகுடாவில் பாலம் கட்டுகிறார், ஒருவர் இதய மருத்துவர், மூன்றாமவள் கல்யாணம் செய்துகொண்டு அந்த விடைத்தாளைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். நான் பதினொன்று. குறையாகச் சொல்லவில்லை, அந்தப் பதினொன்றுக்கு எங்கள் வீட்டில் கோழி அடித்தார்கள்.

டீச்சருக்கு இப்போது அறுபது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறந்ததிலிருந்து போன வருஷம் வரை அம்மாவோடுதான் இருந்தார். அம்மாவுக்கு எண்பத்தாறு. ஊரில் எல்லோரும் அவரை ‘உம் ஃபாயிஸ்’ என்று கூப்பிடுவார்கள், ஃபாயிஸின் அம்மா என்று. மூத்த மகன் பெயரால் தாயை அழைப்பதுதான் எங்கள் வழக்கம். அந்த ஃபாயிஸ் பிரேசிலுக்குப் போய் முப்பது வருஷமாகிறது. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் தொலைபேசியில் பேசுவார். கூடவே இருந்து கஞ்சி கரைத்துக் கொடுத்துக் கால் பிடித்துவிட்ட மகளின் பெயர் அம்மாவின் பெயரில் எங்கும் கிடையாது. இதைப் பற்றி டீச்சர் ஒரு நாளும் பேசியதில்லை. ஒரு விஷயத்தைப் பற்றி ஒருவர் அறுபது வருஷம் பேசாமலிருந்தால் அது சின்ன விஷயமாக இருக்க முடியாது.

போன வருஷம் உம் ஃபாயிஸ் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். வீடு நான்காம் மாடி. லிஃப்ட் உண்டு, மின்சாரம்தான் எப்போதாவது வரும். மலைச்சரிவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போகிறேன் என்று அம்மாவே சொன்னார். டீச்சர் அழுதார், மறுத்தார், பிறகு மூன்றே மாதம் என்று ஒப்புக்கொண்டார். பெற்ற தாயை இல்லத்தில் விட்டவள் என்ற பேச்சு அம்மாவின் பெட்டி போய்ச் சேரும் முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

அன்றிலிருந்து டீச்சர் அந்த இல்லத்தைத் திருத்த ஆரம்பித்தார். விடைத்தாளைத் திருத்துவது போலத்தான். ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பார், தலையணை உறையை முகர்ந்து பார்ப்பார். அழைப்பு மணியை அழுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஒன்றே முக்கால் நிமிஷத்தில் ஆள் வந்தது. ஒருநாள் சூப்பில் காய்ச்சல் பார்க்கும் கருவியைக்கூட விட்டுப் பார்த்தார் என்கிறார்கள், அதை நான் பார்க்கவில்லை. அவருடைய சங்கடம் இதுதான்: இல்லம் மோசமாக இருந்தால் அம்மாவை அங்கே விட்டவர் பாவி, நன்றாக இருந்தால் இத்தனை வருஷம் வீட்டில் தாம் பார்த்தது என்ன பெரிய பார்வை? தப்பு கிடைக்கவில்லையே என்று தினமும் கவலையோடு வீடு திரும்புவார்.

கிடைத்தது வர்தே.

வர்தேவுக்கு நாற்பத்தைந்து வயது. வடக்குச் சமவெளியில் ஒரு கிராமத்துக்காரி, ஐந்தாவது வரை படித்தவள். உருண்டையான கைகள், கட்டடமே அதிரும் சிரிப்பு. உம் ஃபாயிஸைக் குளிப்பாட்டித் தலை வாரி ஊட்டிவிடுவது அவள் பொறுப்பு. வீட்டில் அரைக் கிண்ணம் உள்ளே போக ஒரு மணி நேரம் பிடித்த அதே உம் ஃபாயிஸ், வர்தே கையால் கால் மணியில் முழுக் கிண்ணத்தையும் முடித்தார். வர்தே ரொட்டியைப் பிய்த்துத் தயிர்க்கட்டியில் தோய்த்து ஒரு வாய் தானே போட்டுக்கொள்வாள், அடுத்த வாய் அவருக்கு. நோயாளியின் தட்டில் பணியாளர் சாப்பிடக் கூடாது என்பது விதி. விதி சுவரில் ஒட்டியிருந்தது, எடை அட்டைக்குப் பக்கத்திலேயே. வியாழக்கிழமை தோறும் அங்கே எல்லோரையும் எடை பார்ப்பார்கள். நாற்பத்தொன்பது கிலோவில் வந்த உம் ஃபாயிஸ் இரண்டரை மாதத்தில் ஐம்பத்து மூன்று ஆனார்.

அட்டையைப் பார்த்து டீச்சர் மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போய் மூன்று பாத்திரங்களைத் தேய்த்தார். மூன்றும் ஏற்கெனவே தேய்த்தவை.

மதியம் தோறும் டீச்சர் ஏதாவது சமைத்து எடுத்துப் போவார். கறி கொத்திக் கோதுமை ரவையோடு பிசைந்த கிப்பே, திராட்சை இலைச் சுருள், ஏதாவது. அம்மா இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வார்.

“மிச்சத்த வச்சிட்டுப் போ. வர்தே குடுத்தா இறங்கும்.”

தலை வாரிவிட்டால், “நீ பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி வாருற. வர்தே கை பட்டா தூக்கமே வந்துரும்” என்பார். டீச்சர் சீப்பைக் கழுவி வைப்பார். வர்தே எதிரில் வந்தால் நலம் விசாரிப்பார். அப்படி விசாரிக்கும்போது அவர் பார்வை அவளுடைய நகங்களில் இருக்கும். நகங்கள் சுத்தமாகத்தான் இருந்தன. அது இன்னும் எரிச்சல்.

மூன்று மாதம் முடிந்தது. அம்மா வீடு திரும்புகிற பேச்சை எடுக்கவில்லை. டீச்சர் எடுத்தார். “இங்க எனக்கு என்ன குறைச்சல்?” என்றார் அம்மா.

அந்தச் சமயத்தில்தான் படிவம் வந்தது. பிரேசிலில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களின் சங்கம் அந்த இல்லத்தைத் தாங்குகிறது. கவனிப்பின் தரத்தைக் குடும்பத்தாரே அளந்து சொல்லட்டும் என்று அவர்கள் ஒரு தாள் அச்சடித்து அனுப்பினார்கள். சுத்தம், உணவு, பொறுமை, நேரம், பேச்சு என்று ஐந்து தலைப்பு. தலைப்புக்கு நான்கு, மொத்தம் இருபது. எங்கள் ஊரில் இப்படி ஒரு தாளைக் கொடுத்தால் மரியாதைக்கு இருபது போட்டுவிட்டுக் குறையை மாதா கோவில் வாசலில் நின்று சொல்வோம். என் சித்தப்பா கீழ்த்தளத்தில் இருந்தார்; நானும் கண்ணை மூடிக்கொண்டு இருபது போட்டேன். தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததாம்: பதினைந்துக்குக் கீழே பெறும் பணியாளர் வேறு வேலைக்கு மாற்றப்படுவார். அதைப் படித்தவர் ஊரிலேயே ஒருவர்தான். கேள்வித்தாளின் பொடி எழுத்தை முதலில் படியுங்கள் என்று முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளிடம் கத்தியவர் அவர்.

தாள் மூன்று நாள் டீச்சரின் சமையலறை மேஜையில் கிடந்தது. நான்காம் நாள் சிவப்புப் பேனாவால் போட்டார். மூன்று, மூன்று, மூன்று, மூன்று. பேச்சுக்கு இரண்டு, சிரிப்பு அதிகம் என்ற குறிப்போடு. மொத்தம் பதினான்கு.

இல்லத்தின் தலைவி சிஸ்டர் ஒதெத்திடம் தாளை நீட்டியபோது டீச்சர் சொன்னது: “என் சர்வீஸ்ல இதுக்கு மேல யாருக்கும் போட்டதில்ல சிஸ்டர்.”

அதில் ஒரு எழுத்து பொய் கிடையாது. பொய்யாக இருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

திங்கட்கிழமை வர்தேவைச் சலவை அறைக்கு மாற்றினார்கள். அவள் இடத்துக்கு ஜோஸ்யான் வந்தாள். இருபத்து நான்கு வயது, பட்டயப் படிப்பு, கையுறை. அளந்து ஊட்டினாள், மணி பார்த்து ஊட்டினாள், நோயாளியின் தட்டைத் தொடவில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை. டீச்சருக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவள்மேல் பொறாமைப்பட எதுவும் இல்லை.

உம் ஃபாயிஸ் வாயை மூடிக்கொண்டார்.

முதல் வாரம் டீச்சர் இதை ஒரு வாய்ப்பாகத்தான் பார்த்தார். ஒரு வேளைக்குப் பதில் மூன்று வேளையும் வந்தார். அம்மாவுக்குப் பிடித்த, தயிரும் கோதுமையும் உலர்த்திப் பொடித்துச் செய்யும் கிஷ்க் கஞ்சியைப் பூண்டு தாளித்துக் கொண்டுவந்தார். வர்தே செய்ததைப் பார்த்திருந்தார் அல்லவா, ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்துத் தமக்கு ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

“நீ எதுக்குடி என் சாப்பாட்டத் திங்கிற?” என்றார் அம்மா.

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வியாழக்கிழமை ஐம்பத்தொன்றரை. அடுத்த வியாழன் ஐம்பது. மூன்றாம் வியாழன் அட்டையில் நாற்பத்தொன்பது என்று எழுதி ஜோஸ்யான் அடியில் கோடு இழுத்தாள். அளவுகோல் வைத்து இழுத்த கோடு. டீச்சர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மறுபடியும் டீச்சரின் பழைய அம்மாவாகிவிட்டார். எலும்பும் தோலுமாக, வந்த அன்றைய எடையில். இப்படியே இன்னும் சில வியாழன் போனால் எடை பார்க்க அம்மாவே இருக்க மாட்டார்.

அன்று மதியமே சலவை அறைக்கு இறங்கிப் போனார். வர்தே படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அதன்பின் நடந்ததை வர்தேயே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். டீச்சர் இதுவரை மறுக்கவில்லை.

டீச்சர் எதையோ சொல்ல வாயெடுத்தார். வர்தே முந்திக்கொண்டாள். பதினான்கு போட்டதற்கு நன்றி சொன்னாள்.

“எம் பொண்ணு விசாரிச்சிட்டு வந்தா டீச்சர். உங்ககிட்டப் பதினாலு வாங்கினது மொத்தமே மூணு பேராமே. நாலாவது நாந்தான்னு தெருவெல்லாம் சொல்லிட்டா. ஆனா ஒண்ணு புரியல. நல்ல மார்க் வாங்கினா எதுக்கு அழுக்குத் துணிக்கு அனுப்புறாங்க?”

 அம்மா சாப்பிடவில்லை என்று மட்டும் டீச்சர் சொன்னார். வர்தே மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள்.

“சாப்பிட மாட்டாங்க. என்னைத் திட்டறதுக்கு ஆள் இல்லைல்ல?”

“அம்மா உன்னத் திட்டுவாங்களா?”

“திட்டாம? காலையில கண்ணு முழிச்சதுலேர்ந்து நுஹாத், நுஹாத், நுஹாத். நுஹாத் வாருனா வகிடு ஸ்கேல் வச்சுக் கிழிச்ச மாதிரி இருக்கும், நீ என்னடி மாவு பிசையிற? நுஹாத் கிப்பே வாயில கரையும், இங்க குடுக்கறது செங்கல்லு. எனக்கு வயிறு எரியும் டீச்சர். உங்க கிப்பேய அவங்க தட்டுலேர்ந்து எடுத்து ஒரு வாய் தின்னு பாத்தேன், அப்படி என்னதான் இருக்குன்னு. அந்தக் கோவத்துலதான், எங் கையால இந்தக் கிழவியத் தின்ன வைக்கிறேன் பாருன்னு ஊட்டினேன்.”

 ஒருவரைக் காட்டி இன்னொருவரை ஓட்டும் இந்த உத்தி டீச்சருக்குப் புதிதல்ல. ‘அ’ பிரிவில் போய் ‘ஆ’ பிரிவைப் பாருங்கள் என்பார், ‘ஆ’ பிரிவில் போய் ‘அ’ பிரிவைப் பாருங்கள் என்பார். இரண்டு பிரிவும் ராப்பகலாகப் படித்தன. அந்த வித்தையை எங்கே கற்றுக்கொண்டோம் என்று அவர் அதுவரை யோசித்ததில்லை. சிறுமியாக இருந்தபோது அவருக்கு எதிர்வீட்டு ஸல்மாவைக் காட்டித்தான் கீரை ஊட்டினார்கள். ஸல்மாவுக்கு யாரைக் காட்டினார்கள் என்பது இப்போது தெரிந்தது.

கிளம்பும்போது வர்தே இன்னொன்றும் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு நினைத்தாளாம்.

“ஒரு நாள் என்கிட்ட, ‘அந்த ஃபாயிஸ் பேரச் சொல்லிக் கூப்பிடாத. என்னை உம் நுஹாத்னு கூப்பிடு’ன்னாங்க.”

“நீ கூப்பிட்டியா?”

“இல்ல டீச்சர். எனக்கு மனசு வரல.”

டீச்சர் நேராக சிஸ்டர் ஒதெத்தின் அறைக்குப் போனார். மார்க்கை மாற்றச் சொல்லி இந்த ஊர்ப் பெற்றோர் அவர் வீட்டுக்கு எத்தனை பக்லாவா இனிப்புத் தட்டுகள் கொண்டுவந்திருக்கிறார்கள், எத்தனை திரும்பிப் போயிருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும். இப்போது அவரே நின்றுகொண்டு அந்தத் தாளைக் கொடுங்கள் என்று கேட்டார். சிஸ்டர், காரணம் எழுதாமல் திருத்த முடியாது, பிரேசிலுக்கு அனுப்ப வேண்டும் என்றார். டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்துப் பதினான்கை அடித்துப் பதினைந்து என்று எழுதினார். அதற்கு மேல் ஒரு மார்க் கூட இல்லை. காரணம் என்ற இடத்தில், ‘கூட்டலில் பிழை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சிஸ்டர் தாளை வாங்கிப் பார்த்தார். மூன்றும் மூன்றும் மூன்றும் மூன்றும் இரண்டும். அவரும் டீச்சரிடம் படித்தவர்தான், வடிவியலில் ஒன்பது. உதடு அசைய இரண்டு தரம் கூட்டினார், இரண்டு தரமும் பதினான்குதான் வந்தது. முத்திரையைக் குத்தினார்.

மறுநாள் வர்தே மாடிக்கு வந்தாள். உம் ஃபாயிஸ் அவளைப் பார்த்த பார்வையில் பாசம் ஒன்றுமில்லை. எங்கேடி ஊர் சுற்றினாய் என்று கேட்டுவிட்டு வாயைத் திறந்தார். அது நடந்து சில வாரமாகிறது; நேற்று, வியாழக்கிழமை, எடை ஐம்பத்திரண்டேகால்.

டீச்சர் இப்போதும் மதியம் வருகிறார், வழக்கத்தைவிடக் கால் மணி முன்னால். உடனே உள்ளே போவதில்லை. பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பாதி சாத்திய கதவுக்கு வெளியே, எடை அட்டையைப் படிப்பவர் போல நிற்கிறார். உள்ளே அம்மாவின் குரல் நுஹாத் கிப்பேயைப் பற்றியும் நுஹாத் எடுக்கும் வகிட்டைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போகும். வர்தே ‘சரி உம் ஃபாயிஸ், வாயத் தொறங்க உம் ஃபாயிஸ்’ என்பாள். அந்த இன்னொரு பெயர் வருகிறதா என்று டீச்சர் காத்திருப்பார். வெளியே அவருடைய செருப்புச் சத்தம் வந்து நின்றது வர்தேவுக்கு நன்றாகக் கேட்டிருக்கும். உள்ளே போனதும் அம்மா, “ஆறிப்போனத எடுத்துட்டு வந்துட்டியா? வர்தே சூடாக் குடுப்பா” என்பார்.

அடுத்த படிவம் வந்து பத்து நாளாகிறது. டீச்சர் நான்கு தலைப்புகளுக்கும் எண் போட்டுவிட்டார். ‘பேச்சு’ மட்டும் காலியாக இருக்கிறது.