அண்ணனூருக்கு அழைப்பு வைக்கப் போனோம்

அம்பத்தூரில் ரயிலேறினால் திருமுல்லைவாயல், அதற்கடுத்து அண்ணனூர். இரண்டே நிறுத்தம், ஐந்து ரூபாய் டிக்கெட். இமயமலைக்கெல்லாம் போய் வந்து எழுதுகிறவர்கள் மத்தியில் இதைப் பயணம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழு வருடமாக இந்தத் தடத்தில் போய் வந்தும் அண்ணனூரில் நான் ஒருமுறைகூட இறங்கியதில்லை. ரயில் பணிமனையில் வரிசையாக நிற்கும் பெட்டிகளை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இறங்காத ஊர் எத்தனை பக்கத்தில் இருந்தாலும் வெளியூர்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு இறங்கினேன். நடைமேடையில் நீமா காத்திருந்தாள். தான்சானியா நாட்டுப் பெண். ஆவடிப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறாள். அங்கே வெளிநாட்டு மாணவர் சங்கத்துக்குத் தலைவி. போன கோடையில் எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்தவள், என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்து இன்றுவரை நிறுத்தவில்லை. பஸ் கண்டக்டர்களிடமும் கேன்டீன்காரர்களிடமும் கற்றுக்கொண்ட தமிழ் அவளுடையது. தூத்துக்குடிக்காரியான எனக்கே அதில் சில சொல் விளங்காது. அவள் பக்கத்தில் பூடான் நாட்டு மாணவன் டாஷி, சங்கத்தின் செயலாளர். அதிகம் பேசமாட்டான், நன்றாகச் சிரிப்பான்.

சங்கம் ஆண்டுக்கொரு முறை ஊர் மக்களைக் கூப்பிட்டுச் சாப்பாடும் பாட்டும் ஆட்டமுமாக ஒரு மாலை நடத்தும். கல்லூரிக்குள் நடத்தினால் காவலாளியைத் தாண்டி யார் வருவார்கள் என்று போன வருடம் அண்ணனூரில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தைப் பிடித்தார்கள். டீக்கடை, பால்பூத், மின்கம்பம் என்று பார்த்த இடத்திலெல்லாம் சுவரொட்டி. அண்டா அண்டாவாகச் சமைத்தார்கள். வந்தது மண்டபத்து மேனேஜர் மட்டும். அவரும் சாவி வாங்க வந்தவர்.

இதை என்னிடம் நீமா சொன்னபோது, "நேர்ல போய்க் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"போஸ்டர் ஒட்டினோமே அக்கா!"

சுவரொட்டியைப் பார்த்துப் பொதுக்கூட்டத்துக்குத்தான் போவார்கள், சாப்பாட்டுக்குப் போகமாட்டார்கள் என்று விளக்கினேன். தட்டில் குங்குமம், வெற்றிலைபாக்கு, கற்கண்டு வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், குடும்பத்தோடு வரவேண்டும் என்று வாய்திறந்து சொல்லவேண்டும். சொந்த அண்ணன் வீட்டுக் கல்யாணமே ஆனாலும், "எங்களை யார் முறையாக் கூப்பிட்டா?" என்று வீட்டோடு இருந்துவிடுகிற ஜனங்கள் நாம்.

நீமா சொன்னாள்: "நாலு வருசம் ஆச்சு அக்கா. கடைக்குப் போனேன், கோயிலுக்குப் போனேன், ஆஸ்பத்திரிக்கும் போனேன். ஒரு வீட்டுக்குள்ள போனதில்ல. யாரும் கூப்பிடல. இந்த வருசமும் யாரும் வரலேன்னா, நான் இங்க இருந்தேன்னு எப்படிச் சொல்றது? ஹாஸ்டல்ல இருந்தேன்னுதான் சொல்லணும்." எனக்குச் சுருக்கென்றது. அதனால்தான் அந்தச் சனிக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நிலையத்து வாசலில் ஓர் ஆட்டோவைப் பிடித்தோம். மதியம்வரை எழுநூறு ரூபாய் என்று பேச்சு. ஓட்டுநர் பெயர் தேசிங்கு, ஐம்பதை ஒட்டிய வயது. தட்டையும் எங்களையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்ல காரியத்துக்கு மூணு பேராவா போவீங்க? வெளங்குமா? நானும் வரேன், நாலாயிடும்."

"இன்னா அண்ணாத்தே, உங்களுக்கு சவாரி போயிடாது?" என்றாள் நீமா.

தேசிங்கு ஒரு கணம் அசந்துபோனார். பிறகு சிரித்த சிரிப்பில் ஆட்டோவே குலுங்கியது. "யக்கா, இது நம்ம ஏரியா பொண்ணாச்சே!"

தார் போட்டு ஒரு மழையைக்கூடத் தாங்காத தெருக்கள், புதிதாக முளைத்த மூன்றுமாடிக் குடியிருப்புகள், நடுநடுவே ஓடு மாற்றி மாடி எடுத்த பழைய வீடுகள். ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் பாடிப் பட்டறைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். முதல் வீட்டில் நீமா மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். வீட்டுக்காரர் அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா விசேஷம்மா? கல்யாணமா?"

"இல்ல சார். சோஷியல் ஈவினிங்."

"அப்படின்னா? காது குத்தா?"

டாஷி சிரித்தான். நீமா என்னைப் பார்த்தாள். எனக்கும் சொல் கிடைக்கவில்லை. ஒன்றுமே இல்லாமல் மண்டபம் பிடித்துச் சோறு போடுவது எந்தக் கணக்கில் சேரும்? அப்போதுதான், வழியெல்லாம் நீமா சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்த தேசிங்கு முன்னே வந்தார்.

"பொண்ணு படிப்ப முடிச்சிகினு ஊருக்குப் போவுதுபா. போறதுக்கு முன்னாடி நம்மளுக்கெல்லாம் ஒருவேள சோறு போடணும்னு கூப்புடுது. அடுத்த வார ஞாயித்துக்கெழம, கறிச்சோறுதான். குடும்பத்தோட வந்துடு."

"அப்படிச் சொல்லு! உள்ள வாம்மா, வெயில்ல நின்னுகினு கீற" என்று கதவு அகலத் திறந்தது.

நீமா செருப்பைக் கழற்றிவிட்டு, வாசற்படியில் கால் வைக்குமுன் ஒரு நொடி தயங்கினாள். உள்ளே போய் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படம், மூடிபோட்ட தையல் மெஷின், ஈரத்துணி காயும் நாற்காலி எல்லாவற்றையும் மியூசியத்தில் பார்ப்பதுபோல் பார்த்தாள். காபி வந்தது. வெளியே வந்ததும் என்னிடம், "அக்கா, இப்ப இது என் விசேஷம் ஆயிடுச்சே. வரலேன்னா சங்கத்துக்கு இல்ல, எனக்குத்தான் வரலேன்னு அர்த்தம்" என்றாள். உண்மைதான்.

அதன்பின் வீட்டுக்கு வீடு காபி. வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்து நீமா அத்தனையும் குடித்தாள். டாஷி மூன்றாவது வீட்டோடு ஆட்டோவில் போய்ப் படுத்துவிட்டான்.

தெருக்கோடியில் வசந்தா என்ற அம்மாவின் வீடு. கணவருக்குப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கேட்டைத் திறக்காமலே பேசினார்.

"போன வருசம் ஸ்பீக்கர் வெச்சிகினு ஆடுனது நீங்கதான? எங்க ஊட்டுக்காரு நைட் ஷிப்ட் முடிச்சு வந்தவரு, கண்ண மூடல."

"மன்னிச்சிடுங்க அம்மா. இந்த வருசம் சத்தம் கம்மி. நீங்க வரணும்."

"எங்களுக்கும் உங்களுக்கும் இன்னா கீது?"

நீமா தட்டை நீட்டியபடியே நின்றாள். குங்குமத்தை வேண்டாம் என்று சொல்லமுடியாதே. கேட்டுக் கம்பிக்கு நடுவே கையை விட்டுத் தொட்டு எடுத்து வைத்துக்கொண்டார் வசந்தா. "பாக்கலாம்" என்றார். நம் ஊரில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நீமாவுக்கு நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஞாயிறு, மாலை ஐந்து மணி. மண்டபத்தில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன, மனிதர்கள் இல்லை. நீமா தன் ஊர்ப் பூப்போட்ட உடையும் தலையில் அதே துணியில் கட்டுமாக வாசலில் நின்றாள். ஆறு ஆனது. ஆறரையும் ஆனது. ஐந்து என்று அச்சடித்தால் ஏழுக்கு வருவார்கள் என்று நான் சொல்லச் சொல்ல அவள் முகம் வாடிக்கொண்டே போனது. ஏழு மணிக்குத் தேசிங்கு பட்டுச் சட்டையில், மனைவியும் மாமியாரும் சகிதமாக வந்து இறங்கினார். அவர் பின்னால் தெரு வந்தது. ஆமாம், தெருவே வந்தது. மல்லிகைப்பூவும் பட்டுப்புடவையும் பவுடர் பூசிய குழந்தைகளுமாக மண்டபம் நிறைந்துபோனது. கடைசியாக வசந்தாவும் கணவரும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். நீமா என் கையை நசுக்கிவிட்டாள்.

நேபாள மாணவிகள் ஆடினார்கள், ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். டாஷி பாடினான், அதற்கும் கைதட்டினார்கள். பிறகு நீமா மைக்கில், "சாப்பாடு அந்தப் பக்கம் இருக்கு, எடுத்துக்கோங்க" என்றாள். ஓரமாக மேசைகள், அடுக்கிய தட்டுகள், மூடிபோட்ட பாத்திரங்கள். கறி போட்ட பிலாவ், பூடான்காரர்கள் மிளகாயையே காய்கறியாக வைத்துச் சமைக்கும் குழம்பு. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அவரவர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கால்மணி நேரம் போயிற்று. முன்வரிசையில் ஒரு குடும்பம் கிளம்பத் தயாரானது. பின்வரிசையில் வசந்தா எழுந்து, புடவையை உதறிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"சாப்பாடு பிடிக்கலையா அக்கா?" நீமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மைக்ல சொன்னா யாரு சாப்பிடுவா? ஓடு, கையப் பிடிச்சுக் கூப்பிடு!" என்று அவளை முதுகில் தள்ளினேன்.

ஓடினாள். மண்டபத்து வாசலில் வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, சாப்டாம போவக்கூடாது. நானே போடறேன், வாங்க."

வசந்தா அவளை நிமிர்ந்து பார்த்தார். "இப்பதான் கூப்பிடத் தோணிச்சா? பசியில உக்காந்துகினு கீறோம்!"

அதன்பிறகு நீமாவும் டாஷியும் மற்ற மாணவர்களும் வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொருவரையும் கூப்பிட்டார்கள். மேசைகளை இழுத்துப் பந்தியாகப் போட்டு அவர்களே பரிமாறினார்கள். பிலாவில் காரமே இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை கேட்டார்கள். மிளகாய்க் குழம்பைச் சாப்பிட்ட வசந்தா மூக்கை உறிஞ்சியபடி டாஷியிடம், "இது சாப்பாடு!" என்றார். பாத்திரங்கள் காலியாகின. நீமா வரிசைகளுக்கு நடுவே போய்க்கொண்டே இருந்தாள். நான்கு வருட ஏக்கம் ஒரு பந்தியில் தீருமா தெரியாது, ஆனால் அன்று அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஒன்பதரை மணி ரயிலுக்கு நான் கிளம்பினேன். வாசலில் நிற்கையில் அம்பத்தூர் ஞாபகம் வந்தது. எங்கள் குடியிருப்பில் எதிர்வீட்டுக்காரரின் பெயரைக் கூரியர் பெட்டியில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பொங்கலுக்கு வாட்ஸப்பில் கரும்புப் படம் அனுப்பிக்கொள்கிறோம். அழைப்பு வைக்கும் முறையை நீமாவுக்குச் சொல்லிக்கொடுத்த நான், ஏழு வருடத்தில் அந்தக் கதவை ஒருமுறைகூடத் தட்டியதில்லை. வெட்கமாக இருந்தது.

அப்போது வசந்தா கைகழுவிவிட்டு நீமாவிடம் வந்தார்.

"எம் பொண்ணுக்கு வளைகாப்பு வெச்சிருக்கேன். நீ எப்ப ஊருக்குப் போற?"

"அடுத்த மாசம்."

"அதுக்கு முன்னாடிதான். நீ வரணும்."

"கண்டிப்பா வரேன் அம்மா!"

"இரு, இன்னும் கூப்பிடல. வழியில வெச்சா விசேஷத்துக்குக் கூப்புடுவாங்க? நானும் அவரும் ஊட்டுக்கு வந்துதான் கூப்புடுவோம். உன் ஊடு எங்க கீது?"

"எனக்கு வீடு இல்ல அம்மா, ஹாஸ்டல்."

"படுத்து எழுந்திருக்கற எடம் ஊடு இல்லாம இன்னா? வழிய சொல்லு."

நீமா கண்ணைத் துடைத்துக்கொண்டு வழி சொல்ல ஆரம்பித்தாள். "ஆவடி செக்போஸ்ட்ல எறங்குங்க. அங்கேர்ந்து பூந்தமல்லி போற ஷேர் ஆட்டோல ஏறுங்க, காலேஜ்னு சொன்னா நிறுத்துவாங்க. மூணாவது கேட்டு. வாட்ச்மேன் அண்ணன் கிட்ட நீமா ஊடுன்னு கேளுங்க."