ஏகாம்பரம் உள்ளே வந்தான்

ஏகாம்பரத்தைத் திருடனாக்கியது நான்தான். கம்பெனி இல்லை. கம்ப்யூட்டரும் இல்லை. நான்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலை. முதலில் அங்கே லோடு தூக்கினேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்று பொய் சொல்லித்தான் கேட் வேலைக்கு வந்தேன். நாற்காலி, ஃபேன்... விட மனசு வருமா? நீங்களே சொல்லுங்கள்.

கேட்டில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். உள்ளே வருகிறவனின் டோக்கன் நம்பரைத் தட்டினால், போன் லைன் வழியாகச் சென்னை ஆபீசில் பதிவாகும். அந்த ப்ரோக்ராமை எழுதியவள் சுதா, வேப்பம்பட்டுப் பெண். லைன் அறுந்தால் திரையில் ஒரு கட்டம் வரும், எதையும் தொடாமல் எனக்கு போன் போடுங்கள் என்று சொல்லியிருந்தாள்.

கட்டம் வந்தது. ஷிப்டு மாறுகிற நேரம். பின்னால் நீள வரிசை.

“இன்னாணா, உள்ள உடுவியா, இல்ல பாய் போட்டு பட்த்துக்கட்டா?” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

கட்டத்தில் இருந்த இங்கிலீஷை எனக்குப் படிக்கத் தெரியாது. என்டர் தட்டினேன். கட்டம் மறைந்தது. நம்பர் கொடுத்துவிட்டு எதிரில் நின்றவனைப் போ என்று கை காட்டினேன். அவன்தான் ஏகாம்பரம். பட்டு ஆரணி இல்லை, இங்கே பக்கத்து ஆரணிக்காரன், காண்ட்ராக்ட் ஆள். அவனுக்கு அடுத்த நம்பருக்குக் கட்டம் வரவில்லை.

அன்றே ரோலரில் அவன் வலது கை சிக்கியது.

அவன் வந்ததாகக் கம்ப்யூட்டரில் இல்லை. இரும்பு திருடச் சுவரேறிக் குதித்தவன் என்று முடிவு கட்டினார்கள். கூட வேலை செய்தவர்கள் காண்ட்ராக்டருக்குப் பயந்து வாய் திறக்கவில்லை.

சுதா வந்தாள். வேண்டுமென்றே லைனைப் பிடுங்கிவிட்டு நம்பர் தட்டினாள். கட்டம் வந்தது. என்டர் தட்டினாள். நம்பர் எங்கேயும் போய்ச் சேரவில்லை. கண்டுபிடித்துவிட்டாள்! ஆனால் அன்றைக்கு லைன் அறுந்ததா? அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணா, அன்னிக்கு இந்தக் கட்டம் வந்துச்சா? வந்திருந்தா தப்பு என் ப்ரோக்ராம்லதான். உங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“ஒண்ணியும் வர்லமா.”

ஏன் அப்படிச் சொன்னேன்? வந்தது என்றால், அதில் என்ன எழுதியிருந்தது என்று அடுத்துக் கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன்... அவ்வளவுதான். ஒரு மனுஷனின் பேருக்கு இது ஈடா?

சரிங்கண்ணா என்று எழுந்து ரயிலுக்குப் போனாள்.

சில மாதம் கழித்து, கேட் எதிரே டீக்கடையில் ஏகாம்பரம். இடது கையில் கிளாஸ். சண்டைக்கு வரவில்லை. மெதுவாகத்தான் கேட்டான்.

“அல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே டவுட்டாகீதுணா. நா கேட்டு வழியாதான வந்தேன்?”

நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

வந்தான். நான் கை காட்டித்தான் வந்தான். இதை உங்களிடம் சொல்ல முடிகிறது. ஆரணி இங்கிருந்து ஒன்றும் தூரமில்லை... நான் போகவில்லை. அதே நாற்காலியில்தான் இருக்கிறேன்.