பார்த்த வேலையைப் பார்த்தேன் என்றவர்

செய்தி வந்தபோது வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தேன். "உங்கத்தை போயிட்டா தாயி" என்றார் மாமா கைபேசியில். "எங்க, ஆபீஸுக்கா? ஞாயித்துக்கிழமையுமா?" என்று கேட்டேன். என் வாய் அப்படி. மறுமுனையில் அழுகை மட்டும் கேட்டது. மாரடைப்பு.

என் அத்தை தவமணி அவர்கள் கொடைக்கானலில் ஓர் அரசு அலுவலகத்தின் உதவியாளர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய எங்கள் குடும்பத்தின் முதல் அரசு ஊழியர். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர் அவருக்கு முன்னால் கண்காணிப்பாளர் ஆனார். காரணம், அத்தையின் தகுதிகாண் பருவம் முடிந்த ஆணை ஒரு பீரோவுக்குப் பின்னால் விழுந்து கெடந்ததாம். பதவி உயர்ந்தவர் குளிர் தாங்காமல் மாறுதல் வாங்கி மலையிறங்கினார். வேறு யாரும் மேலே வரச் சம்மதிக்கவில்லை. காலி நாற்காலியில் அத்தையையே 'பொறுப்பு' என்று உட்கார வைத்தார்கள். வேலை கண்காணிப்பாளருடையது, சம்பளம் உதவியாளருடையது.

"பொறுப்பு குடுத்தாங்க, பருப்புக்குக் குடுக்கலியே அத்தை" என்பேன்.

"வாய மூடுடி. சோலி கெடக்கு" என்று வெள்ளனே கிளம்பிவிடுவார்.

பன்னிரண்டு ஆண்டுகள் மனுப் போட்டார். போன வருடம் ஆணை வந்தது. முன்தேதியிட்டுப் பதவி உயர்வு உண்டு, ஆனால் 'கருத்தியலாக' மட்டும். அந்தப் பதவியில் அவர் பணியாற்றாததால் நிலுவைச் சம்பளம் கிடையாது. அன்று சாயங்காலம் காப்பி கேட்டார். காலி டம்ளரை நீட்டி, "கருத்தியலான காப்பி அத்தை. குடிச்சதா வச்சுக்கங்க" என்றேன். கண்ணாடி கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு பையிலிருந்து அந்த ஆணையை எடுத்தார்.

"இதப் படி. மேல யாருக்கு எழுதியிருக்கான்?"

'கண்காணிப்பாளர் (பொறுப்பு) அவர்கள் இவ்வாணையை மேற்படி தவமணிக்குச் சார்வு செய்து ஒப்புதல் பெற்று அனுப்பவும்.' கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கு என்று அர்த்தம். கொடுக்க வேண்டியவரும் அத்தைதான், வாங்க வேண்டியவரும் அத்தைதான்.

"நான் அந்த வேலையே பாக்கலன்னு, அந்த வேலை பாக்குற எனக்கே எழுதியிருக்காங்கடி!"

மறுநாள் தபால் பதிவேட்டில் பதிந்து, தனக்குத் தானே சார்வு செய்து, இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். நகலோடு மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய் வழக்குத் தொடுத்தார். "வாபஸ் வாங்குங்கம்மா, ஓய்வூதியம் வெரசா வரும்" என்று மேலிடத்திலிருந்து தூது வந்தது. "துட்டும் வேணும், பேரும் வேணும் சார். ரெண்டும் என்னுது" என்றார். அந்த 'சார்' மட்டும்தான் மரியாதை.

மூன்றாம் நாள் துக்கம் கேட்க ஓர் அதிகாரி வந்தார். மாலை ஒரு கையில், தட்டச்சு செய்த தாள் மறு கையில். "போனவங்க போயிட்டாங்க. வழக்க முடிச்சுக்கிட்டா குடும்ப ஓய்வூதியம் சுலபமா…"

பண்ணைக்காட்டுக்கு ஜீப் ஓட்டும் மாமா, அத்தை இருக்கும்வரை சபையில் பேசி நான் கேட்டதில்லை. மாலையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"அவ வேலை பாக்கலன்னு என் கையால எழுதித் தரணுமோ? அவளக் கொண்டுபோயி விட்டு, கூட்டியாந்தவன் நான். எத்தனை நாளு வாசல்ல ஜீப்போட காத்துக் கெடந்தேன்னு என்னையக் கேளுங்க, சொல்றேன்."

அதிகாரி தாளை மடித்தார்.

திங்கட்கிழமை மாமா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டார். வழக்கில் அத்தையின் வாரிசாகத் தன்னைச் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுக்கப் போகிறார். வழக்குக் கட்டை அத்தை உட்காரும் இருக்கையில் வைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டேன். ஜீப் மலைப்பாதையில் இறங்கியது.

மனுதாரர் இறந்துவிட்டார். மனு இறக்கவில்லை. நிம்மதியாகப் போங்கள், கண்காணிப்பாளர் அவர்களே.